நீர் ஓட வேண்டிய கல்: எகிப்தியப் படையல் பலகை ஒன்றைச் செதுக்குதல்

எகிப்தியக் கல்லறைகளின் படையல் பலகையை நகலெடுக்க முனைவோர் பெரும்பாலும் உருவங்களில்தான் கைவைக்கிறார்கள். வட்ட அப்பம், இறகு பறித்த வாத்து, மாட்டின் முன்தொடை, ஓரம் முழுக்கச் சித்திர எழுத்து. எல்லாம் முடிந்து ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்த்தால் பாதி பின்மூலையில் தேங்கி நிற்கும். மீதி, நீர் வெளியேறும் மூக்கின் அடிப்பக்கமாகத் திரும்பி ஓடி மேசையை நனைக்கும். சுவரில் மாட்டும் சிற்பம் என்றால் இது குற்றமில்லை. ஆனால் இந்தக் கல் இறந்தவருக்கு நீர் வார்ப்பதற்கென்றே கல்லறைக் கோயிலில், இறந்தவரின் ஆன்மா வந்துபோகவெனச் சுவரில் செதுக்கிய பொய்க்கதவின் முன் கிடத்தப்பட்டது. ஆகவே முதலில் ஓட்டம், பிறகு உருவம், கடைசியில் எழுத்து என்ற வரிசையில்தான் கீழே உள்ள வேலை போகிறது.

பலகையின் வடிவத்துக்கு அடிப்படை ஒரு எழுத்து. கோரைப்பாய், அதன்மேல் ஓர் அப்பம். இதுவே 'ஹெதெப்' என்ற குறி. படையல் என்பதையும் மனநிறைவு என்பதையும் இதே குறியால் எழுதினார்கள். செவ்வகக் கல்லைப் பாயாகவும், அதன் ஒரு பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கை அப்பமாகவும் கொண்டால் பலகை முழுவதுமே அந்தக் குறியின் உருவம்தான். இதன் மிகப் பெரிய உதாரணம் அபு குராபில் இருக்கிறது. ஐந்தாம் வம்ச மன்னர் நியுசெர்ரேயின் சூரியக் கோயில் முற்றத்தில், நடுவில் ஒரு வட்டமும் நான்கு திசைக்கு நான்கு ஹெதெப் குறிகளுமாக வெள்ளைக் கால்சைட்டில் அமைந்த பீடம் அது. பழைய அரசுக் காலத்துக் கல்லறைகளில் காலின்மேல் நிற்கும் வட்டத் தட்டுகளும் உண்டு. நாம் எடுத்துக்கொள்வது பன்னிரண்டாம் வம்ச வகை, அதாவது கி.மு. 20, 19-ஆம் நூற்றாண்டுகளில் புழங்கியது. உள்ளே உருவங்கள், இரண்டு சிறு தொட்டிகள், சுற்றி நீர் ஓடும் காடி, முன்னால் மூக்கு, விளிம்பில் எழுத்து. எல்லா உறுப்புகளும் ஒரே கல்லில் இருப்பதால் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வகை இல்லை.

கல்

நைலின் கிழக்குக் கரையில், மெம்பிஸுக்கு எதிரே உள்ள துரா குவாரிகளின் சுண்ணாம்புக்கல் வெண்மையானது, நுண்மணி கொண்டது. நுணுக்க வேலைக்கு அதைத்தான் தேடினார்கள். கிசா மேட்டின் கல் அப்படியல்ல. நாணயம் போன்ற நம்முலைட் புதைபடிவங்கள் அதில் நிறைந்திருக்கும். பிரமிடுகளின் அருகே கிடந்த இந்தச் சில்லுகளைப் பற்றி, வேலையாட்கள் உண்டு மிஞ்சிய பருப்பு கல்லாகிவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். பருப்புள்ள கல் நமக்கு வேண்டாம். ஒரு படிவத்தின் ஓரத்தில் உளி பட்டால் அது முழுதாகப் பெயர்ந்து வந்துவிடும். விளிம்பு எழுத்தில் அப்படி ஒரு குழி விழுந்தால் மறைக்க வழியில்லை.

வேண்டியது மென்மையான, படிவம் குறைந்த சுண்ணாம்புக்கல். மால்டாவின் குளோபிஜெரினா கல், இங்கிலாந்தின் பாத் கல் போன்றவை. கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல்தான் என்றாலும் இறுகியது, ஏடு ஏடாகப் பிளப்பது. அதில் 1 செ.மீ. பள்ளம் இறக்குவதற்குள் விளிம்பு தெறித்துவிடும்.

வாங்குமுன் இரண்டு சோதனைகள். கல்லைச் சிறு கட்டைமேல் வைத்துச் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது; ஓட்டைப் பானைச் சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது. பிறகு முழுக்க நனைத்துக் காயவிடுங்கள். விரிசலும் களிமண் ஏடும் கடைசியாகக் காயும், ஈரக்கோடாகக் கண்ணுக்குத் தெரியும். ஏடு பலகைக்குக் கிடைமட்டமாக ஓடினால் ஏற்றுக்கொள்ளலாம். செங்குத்தாகவோ மூக்கைக் குறுக்காக வெட்டியோ ஓடினால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள்.

அளவு

எகிப்திய அரச முழம் ஏறத்தாழ 52.5 செ.மீ. அதில் 7 உள்ளங்கை, 28 விரல். ஒரு விரல் 1.875 செ.மீ. மில்லிமீட்டரில் திட்டமிடுவதைவிட விரலில் திட்டமிட்டால் விகிதம் தானாக அமைகிறது.

உடல் 16 விரல் அகலம், முன்பின்னாக 14 விரல், 4 விரல் கனம்; அதாவது 30 × 26.25 × 7.5 செ.மீ. மூக்கு முன்பக்க நடுவில் 4 விரல் அகலம், 3 விரல் நீளம். நான்கு பக்கமும் 2 விரல் விளிம்பு போனால் உள்ளே 12 × 10 விரல் களம் மிஞ்சும். களத்தின் ஓரத்தை ஒட்டி 1 விரல் அகலக் காடி. அதற்குள்ளே 10 × 8 விரல் மேடை. உருவங்களும் தொட்டிகளும் இதில்தான். முன்பக்கக் காடியின் நடுவிலிருந்து விளிம்பை அறுத்துக்கொண்டு மூக்கு வழியாக 1 விரல் வாய் வெளியேறுகிறது.

இதற்கு 32 × 34 × 8.5 செ.மீ. கட்டி போதும். எடை 20 கிலோவைச் சற்றுத் தாண்டும், முடிந்த பலகை 13 கிலோ அளவில் நிற்கும். ஒருவர் தூக்கித் திருப்பக்கூடிய எடை. ஒரு முழ அகலத்துக்குப் போனால் ஒவ்வொரு முறை புரட்டவும் ஆள் தேட வேண்டிவரும்.

கருவிகள்

முனை உளி ஒன்று, 20, 10, 4 மி.மீ. பட்டை உளிகள், கொட்டாப்புளி, 450 கிராம் சுத்தி, மூலைமட்டம், ரசமட்டம், அரம், மணற்கல் துண்டு ஒன்று. பல் உளியைத் தவிருங்கள். பன்னிரண்டாம் வம்சச் சிற்பியின் கையில் அது இருந்ததில்லை, அதன் இணைகோட்டுத் தடம் பார்த்தவுடன் காட்டிக்கொடுக்கும்.

செம்பு உளியால் செய்ய முடியுமா என்றால், முடியும், மென்கல்லில் மட்டும். எகிப்தியக் கருவிகளைச் செய்து சோதித்த ஆய்வாளர் டெனிஸ் ஸ்டாக்ஸின் பரிசோதனைகளும் இதையே காட்டின: செம்பும் வெண்கலமும் மென்சுண்ணாம்புக்கல்லை வெட்டும், கருங்கல்லிடம் தோற்கும். 12 மி.மீ. சதுரச் செம்புக் கம்பியை 18 செ.மீ. நீளத்தில் வெட்டி, நுனியைச் சூடாக்காமல் அடித்து இறுக்கி, 50 பாகை அளவில் சாணை பிடியுங்கள். 30 பாகைக்கு மெலிதாக்கினால் முதல் சில அடிகளிலேயே நுனி சுருண்டுவிடும். மழுங்கும்போதெல்லாம் மறுபடி அடித்துத் தீட்ட வேண்டியிருப்பதால் முழு வேலையையும் இதில் செய்வது பொறுமையைச் சோதிக்கும். கழிவை எஃகால் எடுத்துவிட்டுக் கடைசி 2 மி.மீ. தோலை மட்டும் செம்பால் எடுத்தால் தடமும் சரியாக இருக்கும், வேலையும் நகரும்.

தூசுக்கு என்95 முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். கல்லை மணல் நிரப்பிய சாக்கின்மேல் கிடத்துங்கள். பலகைமேல் நேராக வைத்தால் அடி விழுந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் சில்லு தெறிக்கும்.

களமும் காடியும்

முதலில் அடிப்பக்கத்தை மட்டமாக்குங்கள். மேல்பக்கத்தின் எல்லா ஆழமும் இதிலிருந்துதான் அளக்கப்படும். பிறகு மேல்முகத்தை அதற்கு இணையாகக் கொண்டுவந்து, காவிக்கல் பொடி கரைத்த நீரில் தோய்த்த நூலை இழுத்துத் தெறிக்கவிட்டு விரல் கட்டங்களைப் போடுங்கள். எகிப்தியர் செய்ததும் இதுதான்; சிவப்பில் வரைவு, கறுப்பில் திருத்தம். கரைசலில் பிசின் கலந்தால் கோடு கல்லில் ஒட்டிக்கொண்டுவிடும். களத்தில் அது வெட்டுப்பட்டுப் போய்விடும், ஆனால் விளிம்பின் தோல் அப்படியே நிற்கப்போவது. விளிம்புக்குப் பென்சில் போதும்.

களம் முழுவதையும் விளிம்புக்குக் கீழே 3 மி.மீ. இறக்குங்கள். இதுதான் உருவங்களின் உச்சி மட்டம். பிறகு உருவங்களுக்கு இடம் விட்டு, பின்னணியை 10 மி.மீ. வரை இறக்குங்கள். ஒவ்வோர் உருவத்தைச் சுற்றியும் 5 மி.மீ. உபரி இருக்கட்டும், இப்போது வெறும் கட்டிகளாக நின்றால் போதும். பின்னணி தட்டையாக இருக்கக் கூடாது. மேடையின் நடுவிலிருந்து காடி ஓரம்வரை ஒரு மில்லிமீட்டராவது சரிவு வேண்டும். இதை மறந்தால் காடி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் உருவங்களுக்கு இடையில் நீர் தங்கும்.

அடுத்து காடி. நீர் பின்விளிம்பின் நடுவில் பிரிந்து, இரு பக்கமும் சுற்றி வந்து மூக்கில் சேர்கிறது. காடியின் நடுக்கோட்டில் அளந்தால் ஒரு பக்கத்து ஓட்டம் 20 விரல், அதாவது 37.5 செ.மீ. விரலுக்கு 0.3 மி.மீ. சரிவு கொடுங்கள். பின்னணியிலிருந்து ஆழம் பின்நடுவில் 6 மி.மீ., பின்மூலையில் 7.6, முன்மூலையில் 10.4, மூக்கு வாயில் 12. மூக்குக்குள் சரிவை இரட்டிப்பாக்கி, நுனிக்குள் இன்னும் 3 மி.மீ. இறக்குங்கள்.

0.3 மி.மீ. என்பது உளியின் தடத்தைவிடச் சிறிய அளவு. ஆகவே உளியால் 1 மி.மீ. மீதி வைத்துவிட்டு, விரல் அகல மணற்கல் துண்டை நீரும் மணலும் விட்டு இழுத்துத்தான் சரிவைப் பெற வேண்டும். அளவுக்கு, நடுவில் ஆணி அடித்த ஒரு மரக்கட்டை போதும். கட்டையை இரு விளிம்புக்கும் குறுக்காக வைத்து, ஆணி எட்டும் ஆழத்தைப் பாருங்கள். ஆழத்தைப் பின்னணியிலிருந்து அளக்காதீர்கள்; பின்னணியே சரிவாக இருக்கிறது. விளிம்பிலிருந்து அளந்து 10 மி.மீ. கழியுங்கள்.

வழக்கமாகக் கெடும் இடம் பின்மூலைகள். மூலையில் உளியைத் திருப்ப இடமில்லாததால் கை தானாக ஆழமாக வெட்டிவிடும், அங்கே ஒரு குழி விழும். குழியை நிரப்பிச் சரிசெய்ய முடியாது. அதற்குப் பிறகு வரும் ஓட்டம் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்குவதே வழி. எனவே மூலைகளைக் கடைசியாக, மேடான நிலையிலேயே விட்டு வெட்டுங்கள்.

மூக்கு

மூக்கின் இருபுறமும் உள்ள கழிவுக் கல்லை இப்போது வெட்ட வேண்டாம். அது இருக்கும்வரை மூக்கு உடையாது. நுனியை மட்டும் அளவுக்குக் கொண்டுவந்து, வாயின் கீழ் விளிம்பைக் கூர்மையாக்குங்கள். நுனியிலிருந்து 8 மி.மீ. உள்ளே, அடிப்பக்கத்தில் 4 மி.மீ. அகலமும் ஆழமும் உள்ள குறுக்குக் காடி ஒன்று போடுங்கள். சன்னல் கீழ்த்தளத்துக்குக் கொத்தனார் போடும் சொட்டுக்காடி போலத்தான். ஊற்று மெலியும்போது நீர் கல்லின் அடியை ஒட்டிக்கொண்டு பின்னோக்கி ஓடும். இந்தக் காடி அதை அறுத்துவிடும். கீழே இருப்பதால் பார்வைக்கு ஒன்றும் கெடுவதில்லை.

இப்போது சோதனை. ரசமட்டம் வைத்துக் கல்லைக் கிடத்துங்கள். எகிப்தியரிடம் இந்த வேலைக்கு 'ஏ' வடிவச் சட்டத்தில் தொங்கும் தூக்குக்குண்டு இருந்தது. கல்லை நன்றாக நனைத்த பிறகு, நுண்ணிய கல்தூள் ஒரு சிட்டிகை கலந்த 250 மி.லி. நீரைப் பின்நடுவில் மெல்ல ஊற்றுங்கள். ஊற்றி முடித்த அரை நிமிடத்தில் ஓட்டம் சொட்டாகக் குறைய வேண்டும். நீர் எங்கே தங்குகிறதோ அங்கே தூள் படியும். காய்ந்ததும் வெண்திட்டுகளாகத் தெரியும் அந்த இடங்கள்தான் திருத்த வேண்டியவை. சாயம் கலந்த நீர் வேண்டாம், சுண்ணாம்புக்கல் அதைக் குடித்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் அதிகம் ஓடினால் பின்நடு மேடு நடுக்கோட்டில் இல்லை என்று பொருள். மேட்டை மெல்ல நகர்த்துங்கள், சரிவைத் தொடாதீர்கள்.

சோதனை தேறியபின்தான் மூக்கின் இருபுறக் கழிவை, அதாவது தோள்களை, வெட்ட வேண்டும். சுத்தியல் இல்லாமல், ரம்பத்தால். மூக்கும் உடலும் சேரும் உள்மூலையைச் செங்கோணமாகக் கூர்மையாக்காமல் 5 மி.மீ. வளைவாக விடுங்கள். விரிசல் பிறப்பது அந்தக் கூர்மூலையில்தான். உடைந்துவிட்டால் 6 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு ஆணியும் எப்பாக்ஸியும் மூக்கை நிறுத்தும். ஆனால் இணைப்பு காடியைக் குறுக்கே வெட்டுவதால் கசிவுக்கோடு ஒன்று எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும்.

தொட்டிகளும் படையலும்

மேடையின் இரு ஓரத்திலும் 2 × 3 விரல் தொட்டிகள், ஆழம் 2 செ.மீ. ஒவ்வொன்றும் சுமார் 40 மி.லி. கொள்ளும். அதிர்வை நிறுத்திய துரப்பணத்தில் 10 மி.மீ. முனையால் வரிசையாகத் துளையிட்டு, 3 மி.மீ. மீதி வைத்து உளியால் முடியுங்கள். தொட்டியின் உதட்டில், காடிப் பக்கம், 5 மி.மீ. ஆழத்தில் ஒரு சிறு வழி வெட்டினால் நிறைந்தபின் மிச்சம் காடிக்குப் போய்விடும்.

நடுவில் மிஞ்சுவது 6 விரல் அகலம். அதற்குள் கோரைப்பாயும் அப்பமும், இரு பக்கமும் நீர் வார்க்கும் ஒல்லியான ஹெஸ் குடங்கள், மேலே மாட்டுத்தொடை, வாத்து, இரண்டு வட்ட அப்பங்கள். அடைத்துவைக்க ஆசை வரும். ஆனால் உருவங்களுக்கு இடையில் 6 மி.மீ. இடைவெளி இல்லையென்றால் அங்கே நீரும் தூசியும் சேர்ந்து கறுக்கும். வாத்தின் வளைந்த கழுத்துக்கும் உடலுக்கும் நடுவே விழும் பொந்து இதில் மிக மோசமானது. அதைப் பின்னணி மட்டத்துக்கு இறக்காமல் ஆழமற்ற கோடாகவே விடுவது நல்லது. உருவங்களின் அடியைக் குடைய வேண்டாம். 7 மி.மீ. உயரப் புடைப்பில் நிழலுக்காகக் குடைந்தால் ஓரம் உதிரும், ஈரம் அங்கேயே தங்கும்.

சில்லு பெயர்ந்தால் சுண்ணாம்புச் சாந்து ஒரு பங்குக்கு அதே கல்லின் தூள் இரண்டரைப் பங்கு குழைத்து அப்புங்கள். ஈரத்துணி போட்டு ஒரு வாரமாவது மெல்லக் காயவிட வேண்டும். சிமெண்டைத் தொடாதீர்கள், அதன் உப்பு கல்லுக்குள் புகுந்து வெண்பூவாகப் பூக்கும்.

எழுத்து

இரண்டு வாசகங்கள், இரண்டும் பின்நடுவில் தொடங்கி எதிரெதிராக ஓடி மூக்கின் இருபுறமும் முடிகின்றன. விளிம்பின் நடுக்கோட்டில் ஒவ்வொன்றுக்கும் சுமார் 25 விரல் கிடைக்கும். குறிகளைச் சதுரம் சதுரமாக அடுக்குவது எகிப்திய வழக்கம்; எழுத்துயரம் 1.5 விரல் என்றால் பாதிக்கு 16 சதுரம். வலப்பக்கம் இறந்தோர் உலகின் கடவுள் ஓசிரிஸ்: மன்னர் அளிக்கும் படையல் 2 சதுரம், ஓசிரிஸ் 1, ஜெது நகரின் தலைவர் 2, பெருந்தெய்வம் 1, அபிதோஸின் தலைவர் 2, அப்பமும் பீருமாகக் குரற்படையலை (வாயால் சொல்லி அளிப்பதை) அவர் அளிக்கட்டும் 2, மாடும் பறவையும் 1, காவுக்கு (இறந்தவரின் உயிர்ச்சக்திக்கு) 1, மதிப்புக்குரிய 1, பெயர் 2, வாய்மையுற்றவர் 1. சரியாகப் பதினாறு. இடப்பக்கம் கல்லறைகளின் காவல் தெய்வமான அனூபிஸை வைத்து, 'தன் மலைமேல் இருப்பவர்', 'புனித நிலத்தின் தலைவர்' என்ற அடைகளைப் போடலாம். பெயருக்கு 'அமெனி' நல்லது. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த பெயர், நாணல், ஆட்டப்பலகை, நீர், இரட்டை நாணல் என்று எளிய குறிகளே வருகின்றன.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. முதலாவது, ஒரே எழுத்து மாதிரி அச்சை இரு பாதிக்கும் பயன்படுத்துவது. பறவை, விலங்கு, மனிதக் குறிகளின் முகம் வாசகத்தின் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே இரு பாதியிலும் பறவைகளின் அலகு பின்நடுவை நோக்க வேண்டும். இடப்பாதிக்கு அச்சைக் கண்ணாடிபோல் திருப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, காலக் கலப்பு. 'மன்னர் அளிக்கும் படையல்' என்ற தொடக்கச் சொற்றொடரைப் பன்னிரண்டாம் வம்சத்தில் கோரை, பாய், கூம்பு அப்பம் என்ற வரிசையில் எழுதினார்கள். கூம்பைப் பாய்க்கு முன்னால் கொண்டுவருவது அதற்குப் பிந்திய இரண்டாம் இடைக்காலம் தொட்டு வந்த வழக்கம். இணையத்தில் கிடைக்கும் அச்சுகளில் பல புதிய அரசுக் காலத்தவை. உருவம் ஒரு காலம், எழுத்து இன்னொரு காலம் என்று நின்றால் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். மாறாக, பெயருக்கு முன் 'காவுக்கு' என்று வருவது நாம் எடுத்த காலத்துக்குப் பொருந்தும். பழைய அரசு மாதிரியைச் செய்பவர்தான் அதை விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, நீர்க்குறியின் நெளிகோடு. ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகக் கூராக்கினால் இடையிலுள்ள முக்கோணங்கள் உதிர்ந்து, கடைசியில் ஒரு அகலப் பள்ளம்தான் மிஞ்சும். 4 மி.மீ. உளியின் ஒரு மூலையால் சாய்வுக் கோடுகளை மட்டும் இழுங்கள், ஆழம் 1 மி.மீ. போதும். மற்றக் குறிகளுக்கு 2 மி.மீ. ஆழம், தண்டுகளுக்குக் குறைந்தது 3 மி.மீ. அகலம். மூலையில் ஒரு சதுரத்தைப் பாதியாக மடக்காதீர்கள். இடம் போதவில்லையென்றால் சதுரத்தை முழுதாக அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

வண்ணம் தீட்டுவதானால் எழுத்துக் குழிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிசினில் குழைத்த நிறம் காடியில் ஒரு ஊற்றுக்குத் தாங்காது. வார்ப்பதற்கும் நீர் மட்டுமே. பீர், திராட்சை மது, எலுமிச்சை எல்லாம் அமிலம். மெருகிட்ட முகத்தைச் சுரசுரப்பாக அரித்துவிடும்.

கல் கிடைக்காதவருக்கு இன்னொரு வழி உண்டு, அதுவும் எகிப்திய வழியே. பிரிட்டிஷ் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி 1906-07-இல் எகிப்தின் ரிஃபேயில் தோண்டியபோது, வசதியற்றோர் புதைகுழிகளின்மேல் வைத்திருந்த சுடுமண் தட்டுகளையும், அவற்றிலிருந்து வளர்ந்த சிறு 'ஆன்ம வீடுகளையும்' ஏராளமாகக் கண்டெடுத்தார். களிமண்ணில் நறுக்கிய வைக்கோல் கலந்து 2.5 செ.மீ. கனத் தட்டாக்கி, விளிம்பைக் கையால் எழுப்பி, அப்பத்தையும் தொடையையும் தனியாகப் பிடித்து ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தைக் கீறிச் சேறு தடவாவிட்டால் சூளையில் கழன்றுவிடும். நிழலில் இரு வாரம் காய்ந்தபின் 800 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் போதும். சுருக்கத்தில் சரிவு மாறும் என்பதால் காடிக்கு விரலுக்கு 0.3-க்குப் பதில் 0.6 மி.மீ. கொடுங்கள்.

எதில் செய்தாலும், அடிப்பக்கத்தில் செய்த ஆண்டையும் 'நகல்' என்ற சொல்லையும் ஆழமாக வெட்டிவிடுங்கள். மையில் எழுதினால் யாரும் அழித்துவிடலாம். எகிப்தின் 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் சட்டம் தொல்பொருள் வணிகத்தைத் தடைசெய்கிறது. செம்பு உளித் தடமும் சரியான எழுத்தமைப்பும் உள்ள ஒரு பலகை கைமாறிக் கைமாறிப் போகும்போது, அதன் பிறப்பைச் சொல்ல அந்த அடிப்பக்க வெட்டு மட்டுமே இருக்கும்.